‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த இடத்தில் தொழிலைத் தொடங்குங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் புதிதாக மனைத் தரகுக்கு வந்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,



சார்பதிவாளர் அலுவலக வாசலில் இப்போதெல்லாம் புதுமுகங்கள் நிறையத் தெரிகின்றன. மில்லில் ஷிப்ட் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் இடம் காட்டுகிறவர்கள், படிப்பு முடிந்து வேலை அமையாமல் வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் பெண்கள். கையில் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே விசிட்டிங் கார்டு. வீடு, மனை, தோட்டம், தோப்பு, கடை, குடோன், வாடகை, ஒத்தி என்று அதில் எதுவும் விட்டுப்போயிருக்காது.

நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். நீங்கள் அலைந்து பேசி முடிக்கும் வியாபாரம் கடைசியில் என்னைப் போன்ற ஒருவரின் மேசைக்குத்தான் வருகிறது. அங்கே வந்து நின்றுபோகும் கிரயங்களைப் பார்க்கிறேன். நின்றிருக்க வேண்டியவை நிற்காமல் பதிவாகிப்போய், சில வருடம் கழித்து அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றப் படியேறுவதையும் பார்க்கிறேன். வழக்கில் சிக்குகிறவர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. பேண்டேஜ் துணி ஓட்டிச் சேர்த்த பணத்தில் மூன்று செண்ட் வாங்கிய சத்திரப்பட்டிக் குடும்பமாக இருக்கும். ஓய்வூதியப் பணத்தைப் போட்ட ஆசிரியராக இருக்கும். அவர்களுக்கு அந்த இடத்தைக் காட்டியவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரியாத வகைச் சொத்தைத் தெரிந்ததுபோல் காட்டியவர், அவ்வளவுதான். அதனால்தான் இந்த மடல். தொழிலுக்கு வந்த முதல் வருடத்திலேயே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

“இது என்ன சென்னையா, கோயம்புத்தூரா? இந்தச் சின்ன ஊரில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது?” என்று கேட்பீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி ராஜபாளையம் நகராட்சியில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம் பேர். இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. சின்ன ஊர் என்பதால்தான் சொல்கிறேன். பெரிய நகரத்தில் ஒரு பேட்டையில் பெயர் கெட்டால் அடுத்த பேட்டைக்குப் போகலாம். இங்கே பஞ்சு மார்க்கெட்டில் காலையில் நடந்தது சாயங்காலம் மடவார்வளாகத்தில் பேச்சாகிவிடும். “தோப்புன்னா அவரக் கேளு, ஏமாத்த மாட்டாரு” என்று நான்கு பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டால் நீங்கள் விளம்பரப் பலகை வைக்க வேண்டாம்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கமிஷன் எதில் அதிகம் என்று பார்த்துத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். நான் சொல்வது வேறு அளவுகோல். எந்த வகைச் சொத்தின் காகிதத்தைப் படித்து, நேரில் போய் நின்று பார்த்து, காரணத்தோடு “அண்ணே, இது வேண்டாம்” என்று வாங்க வந்தவரிடம் சொல்ல உங்களால் முடியுமோ, அதுதான் உங்கள் பிரிவு. வாங்கச் சொல்ல யாராலும் முடியும். வேண்டாம் என்று சொல்லத்தான் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் போய் விழுவது பிளாட் வியாபாரத்தில். காரணம் புரிகிறது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலை என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து சாலையோரப் புஞ்சையெல்லாம் கல் ஊன்றப்படுகிறது. பிளாட் போடுகிறவர் ஒரு மனைக்கு இவ்வளவு என்று கமிஷன் தருகிறார், கார் தருகிறார், வாங்க வருகிறவர்களுக்குச் சாப்பாடும் போடுகிறார். உங்கள் வேலை ஆட்களைக் கூட்டி வருவது மட்டும். தொடக்கத்துக்கு இதைவிட மோசமான பள்ளிக்கூடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அங்கே நீங்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அவர் கொடுத்த வண்ணத்தாளைப் படித்துக் காட்டுகிறீர்கள்.

அதையும் மீறி அந்தப் பிரிவுதான் என்று முடிவு செய்தால், சட்டத்தையாவது முழுசாகப் படித்துவிடுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று உத்தரவிட்டபோது இந்த ஊர் சார்பதிவாளர் அலுவலகங்கள் எப்படி வெறிச்சோடின என்று மூத்த தரகர்களைக் கேட்டுப் பாருங்கள். அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், அந்தத் தடையைச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பு விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. இன்றும் எத்தனையோ புதியவர்கள், “ஏற்கெனவே மனையாகப் பதிவான இடம், இப்பவும் பதிவாகும்” என்று சொல்லி விற்கிறார்கள். பதிவாகும், உண்மைதான். வரன்முறைப்படுத்தாவிட்டால் வீடு கட்ட வரைபட அனுமதி கிடைக்காது. வங்கிக் கடனும் கிடைக்காது. பதிவாகும் என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்வது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி வாங்கியவருக்கு அது முழுப் பொய்.

புதிய மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி இருக்கிறதா, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரெரா என்னும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மிச்சத்தில் 10 விழுக்காடு திறந்தவெளியாக விட வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்த இடத்துக்கு நடந்து போய் நின்று, அங்கே உண்மையிலேயே இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவையும் போங்கள். நம்முடையது கண்மாய்ப் பாசன பூமி. ஐப்பசி, கார்த்திகையில் எந்த மனை கண்மாய் உள்வாய்க்குள் இருக்கிறது, எந்த மனைக்கு நடுவே பழைய ஓடை போகிறது என்று தண்ணீரே காட்டிக் கொடுத்துவிடும். பங்குனி வெயிலில் பார்த்தால் எல்லா மனையும் மேட்டுமனைதான்.

இனித் தோப்பு. இந்த வட்டாரத்துக்கே உரிய பிரிவு என்றால் இதுதான். மேற்கே மலை, அடிவாரத்தில் மாவும் தென்னையும். சேத்தூரிலிருந்து மம்சாபுரம், செண்பகத்தோப்புப் பக்கம் வரைக்கும் இப்போது மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும் வந்து கேட்கிறார்கள். விலை பெரிது, கமிஷனும் பெரிது. தெரியாமல் இறங்கினால் சிக்கலும் அதே அளவு பெரிது.

ஒரு பங்குனி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. வாங்குகிறவர் வெளியூர். கூட்டி வந்தவர் அதுவரை நகரத்தில் மனை மட்டும் விற்றுப் பழகிய இளைஞர். பட்டா சரி, வில்லங்கச் சான்று சுத்தம், அளவு சரி. பத்திரத்தை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை மேசையில் விரித்தார். அந்த வருட மா மகசூலுக்கு அவர் தை மாதமே முன்பணம் கொடுத்திருக்கிறார்; விற்பவரின் கையெழுத்து இருக்கிறது. மரத்தில் காய் தொங்குகிறது. காய் யாருக்கு? அந்தப் பேச்சு முடிவதற்குள் இன்னொன்று கிளம்பியது. தோப்புக் கிணற்றில் விற்பவருக்கு உள்ளது நான்கில் ஒரு பங்கு. மோட்டாருக்கான இலவச மின் இணைப்பு அவருடைய பெரியப்பா பெயரில் இருக்கிறது. நான்கு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். வாங்க வந்தவர் பேசாமல் எழுந்து காருக்குப் போய்விட்டார். விற்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. “யாரும் கேக்கல, நானும் சொல்லல” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. கேட்டிருக்க வேண்டியவர் தரகர்.

தோப்பு விஷயத்தில் ஊறிய பழைய தரகர்கள் சிலரை எனக்குத் தெரியும். தோப்புக்குள் நுழைந்ததும் அவர்கள் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. நேரே கிணற்றடிக்குப் போவார்கள். எத்தனை பங்கு, எந்தக் கிழமை முறை, மின் இணைப்பு யார் பெயர் என்று கேட்பார்கள். அடுத்து வண்டிப்பாதை. பாதை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, அல்லது பக்கத்துத் தோட்டக்காரர் தாட்சண்யத்தில் நடந்துகொண்டிருக்கிறதா? தாட்சண்யம் அவர் இருக்கிற வரைதான். மகன் வந்தால் கம்பிவேலி. அதற்குப் பிறகுதான் மரம், மண், விலை.

அடிவார நிலத்தில் வனத்துறை எல்லையும் சேர்ந்துகொள்கிறது. 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயம் வந்தது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வாரக் கடைசியில் வந்து தங்கப் பண்ணை வீடு கட்டலாம் என்ற கனவோடு வருகிறவரிடம், அந்தப் புல எண் வன எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், கிராமம் மலைப்பகுதிகளுக்கான ஹாக்கா பட்டியலில் வருகிறதா, கட்டிடத்துக்கு யார் யார் அனுமதி தேவை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். யானை இறங்கித் தென்னையைச் சாய்ப்பதையும் காட்டுப்பன்றி வருவதையும் மறைக்காதீர்கள். இது யானைக்கும் ஊர் என்று தெரிந்து வாங்குகிறவர் பிறகு மின்வேலி போடமாட்டார். பத்துச் செண்ட், இருபது செண்ட் என்று தோப்பைக் கூறு போட்டு ‘பண்ணை நிலம்’ என்று விற்கும் வேலைக்கு மட்டும் துணை போகாதீர்கள். பாதையும் தண்ணீரும் இல்லாத அந்தத் துண்டுகளை மறுபடி விற்கவும் முடியாமல், வீடு கட்டவும் முடியாமல் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களைப் பார்த்து மனது வலிக்கிறது.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தோப்புப் பிரிவு நன்றாக ஒத்துவரும். நகரத்துத் தெருவில் வளர்ந்தவர்களுக்கு நான் வேறொன்றைக் காட்டுவேன்: பழைய வீடுகள்.

ராஜபாளையத்தில் பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜா கோட்டை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றிய தெருக்கள். இங்கெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீடுகளைப் பாருங்கள். நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். முன்னாள் முதல்வர் குமாரசாமி ராஜா தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்து, அது காந்தி கலை மன்றமாக நிற்கிற ஊர் இது. வீட்டின் மேல் இங்கே உள்ள பற்றும் கௌரவமும் விலை பேசும்போது சும்மா இராது. இந்தப் பிரிவுக்குள் வர ஆளே இல்லை. ஒரு வீட்டை முடிக்க ஒரு வருடம்கூட ஆகும் என்பதால் எல்லோரும் ஓடிவிடுகிறார்கள். பொறுமை உள்ளவருக்கு இதில் போட்டி கிடையாது.

கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில் பங்குதாரர்கள். பெண் பிள்ளைகளுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தது. மார்ச் 25 அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. “அக்காவுக்குச் சீர் செஞ்சாச்சு, அவங்க கையெழுத்து எதுக்கு?” என்று அண்ணன் தம்பிகள் கேட்பார்கள். அக்காவின் கையெழுத்து வேண்டும். அவர் பங்கை விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். அந்த அக்காவைப் போய்ப் பார்த்து, அவர் உரிமை என்ன என்பதை அவருக்கே மறைக்காமல் சொல்லி, பிறகு பேசுகிற தரகர்தான் இந்தப் பிரிவில் நிலைப்பார். தங்கைகளே, இதில் உங்கள் கை ஓங்கும். அடுக்களை வரை போய் உட்கார்ந்து அந்த வீட்டுப் பெண்களிடம் மனம்விட்டுப் பேச ஆண் தரகரால் முடிவதில்லை.

பிறகு காகிதம். மூலப்பத்திரத்தில் அளவு முழக்கணக்கில் இருக்கும். நான்கெல்லையில் சொன்ன ஆட்கள் இறந்து அறுபது வருடம் ஆகியிருக்கும். நகர நில அளவைப் பதிவேட்டு நகலை எடுத்துப் பத்திரத்தோடு வைத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. டேப்பைப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள். தெருவாசலில் இருக்கும் அகலம் கொல்லையில் இராது. அப்புறம் முடுக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடும் அந்த மூன்றடிச் சந்து யாருடையது? பொதுச்சுவரில் பாதி யாருக்கு? ஓட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் விழ உரிமை? கொல்லைக் கிணறு பொதுவா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் விற்ற வீடுகள்தான் அண்டை வீட்டு வழக்குகளில் பாதி.

வெளிநாட்டில் உள்ள பங்குதாரர் பவர் அனுப்பினால், அங்கே முறைப்படி சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்த வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் கேட்கப்படும். பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு மட்டும் சொத்து கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வேலை செய்பவர்கள் கோயில் நிலத்தை எந்தப் பிரிவிலும் மறக்க முடியாது. கோயில் ஊர்களில் வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருப்பது புதிதல்ல. அறநிலையத் துறைச் சட்டம் 34-வது பிரிவின்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்றால் செல்லாது. ‘மூன்று தலைமுறையாக இருக்கிறோம், வரி கட்டுகிறோம்’ என்பதெல்லாம் உரிமையாகிவிடாது. அதேபோல ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம். அ-பதிவேட்டில் பழைய பதிவைப் பார்க்காமல் புஞ்சை எதையும் தொடாதீர்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று கொடுத்த நிலத்தை வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டு அதில் கமிஷன் வாங்குவது பாவம் என்றே நான் நினைக்கிறேன்.

மில் ஷெட், குடோன், விசைத்தறிக் கூடம் என்பது தனி உலகம். மின்சார லோடு எவ்வளவு, லாரி திரும்பப் பாதை உண்டா, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி தேவையா என்று நூல்காரர்களும் தறிக்காரர்களும் கேட்பதற்குப் பதில் தெரிய வேண்டும். அந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தவர்கள் மட்டும் எடுங்கள்.

எதை எடுப்பது என்று இன்னும் முடிவு வராதவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் வருடம் வாடகையும் ஒத்தியும் மட்டும் பாருங்கள். அரை மாத வாடகையோ ஒரு மாத வாடகையோதான் கிடைக்கும் என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். தெருத்தெருவாக வீடு ஏறி இறங்கினால்தான் ஊர் தெரியும். எந்தத் தெருவில் குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எந்த வீட்டில் பிள்ளைகள் சண்டை, எந்த வீடு இரண்டு வருடத்தில் விலைக்கு வரும் என்பதெல்லாம் வாடகைத் தரகருக்குத்தான் முதலில் தெரியும்.

ஒத்தி விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மாத வாடகை இல்லை; மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ கொடுத்துக் குடியேறி, காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது. தென்மாவட்டத்து உழைப்பாளிக் குடும்பங்கள் நம்பியிருக்கும் ஏற்பாடு இது. நகையை விற்றுக் கொடுத்த பணமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள். சொத்தைப் பிணையாக வைத்து 100 ரூபாய் அல்லது அதற்கு மேல் வாங்கும் ஒத்தி அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். பதிவாகாத தாளை வைத்துக்கொண்டு அந்த வீட்டின் மேல் உரிமை கொண்டாட முடியாது. வீட்டுக்காரர் அதே பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால், வங்கி ஏலம் போடும் நாளில் ஒத்திக்காரர் நடுத்தெருவில்.

அதனால் ஒத்தி வீடு காட்டுவதற்கு முன்பு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வங்கியில் பத்திரம் வைத்த அடமானம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். வீட்டுக்காரரிடம் அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதைச் செய்கிற ஒத்தித் தரகர் இந்த இரண்டு ஊரிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அந்த இடம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது. வாடகை என்றால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அதையும் செய்து கொடுங்கள்.

இந்த வேலையில் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி உங்களிடம் வரும். “ஆளு யாரு? எந்த ஆளுங்க?” சாதியையும் மதத்தையும் கேட்டுச் சொல்லும் வேலையைத் தரகர் தலையில் கட்டுவார்கள். அந்த வேலையை ஏற்காதீர்கள். வாடகை ஒழுங்காகக் கொடுப்பார், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வார் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பு என்று சொல்லுங்கள். சில வீடுகள் கைவிட்டுப் போகும். போகட்டும். வீடு கிடைக்காமல் அலையும் தனிப் பெண்களும் வெளியூர்த் தொழிலாளிகளும் உங்களைத் தேடி வருவார்கள்.

எந்தப் பிரிவாக இருந்தாலும் பணத்தில் சுத்தமாக இருங்கள். விற்பவர் கேட்கும் விலைக்கு மேல் வைத்துச் சொல்லி நடுவில் எடுப்பதைச் சாமர்த்தியம் என்று சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். பத்திரம் எழுதும் நாளில் இருவரும் நேருக்கு நேர் உட்காரும்போது அது வெளியே வராமல் இருந்து நான் பார்த்ததில்லை. கமிஷன் எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி இருவர் கையெழுத்தும் வாங்குங்கள். அமெரிக்காவில்கூட 2024 ஆகஸ்டிலிருந்துதான், வீடு காட்டுவதற்கு முன்பே வாங்குகிறவரும் அவருடைய தரகரும் கட்டணத்தை எழுதி ஒப்பந்தம் போட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது, அதுவும் பெரிய வழக்கு ஒன்றில் ஏற்பட்ட சமரசத்தின் பேரில். நமக்கு வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் அட்வான்ஸை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் வீடு, மனைக்கு வாங்குகிறவர் 1 விழுக்காடு வரி பிடித்துக் கட்ட வேண்டும். கிரயச் செலவு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை, 2 விழுக்காடு பதிவுக் கட்டணம் என்பதையும், பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்து வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு என்பதையும் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். கையில் உள்ளதையெல்லாம் விலைக்குக் கொடுத்துவிட்டுப் பத்திரச் செலவுக்குக் கந்து வட்டி வாங்க நிற்பவர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ரெரா பற்றி ஒரு வார்த்தை. தனியார் ஒருவரின் பழைய வீட்டையோ தோப்பையோ கைமாற்றிவிட அந்தப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் ரெராவில் பதிவாக வேண்டிய மனைப்பிரிவிலோ அடுக்ககத்திலோ ஒரு மனையை விற்றுக் கொடுத்தாலும் முகவர் தம் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். பதிவில்லாமல் செய்தால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வரை, சொத்து விலையில் 5 விழுக்காடு வரை அபராதம் ஏற இடமுண்டு. விளம்பரத் தாளில் இருக்கும் பொய்க்கு, அதைக் கொண்டுபோய்க் காட்டிய நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.

கற்றுக்கொள்ள என்ன செய்வது என்று கேட்டால், ஒரே ஒரு வருவாய்க் கிராமத்தை அல்லது நான்கு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புலப்பட நகல்களை எடுங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கல் தேடி நடந்து பாருங்கள். நில அளவையர் வரும்போது கூடவே நின்று சங்கிலியைப் பிடியுங்கள். பழைய கிரயப் பத்திரங்களை வாங்கிச் சத்தமாக வாசியுங்கள். புரியாத சொல்லைப் பத்திர எழுத்தரிடம் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்க எங்களில் பலர் தயாராகவே இருக்கிறோம். காலை பத்து மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும் என் மேசையில் கூட்டம் இருக்காது. வாருங்கள்.

ஒரு வேண்டுகோளை மட்டும் தட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பிரிவை எடுத்தாலும், அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பு நகல்கள் எல்லாவற்றையும் வாங்குகிறவர் கையில் கொடுத்து, உங்களுக்கு வேண்டிய வக்கீலிடம் இல்லாமல் அவர் தேர்ந்தெடுக்கும் வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒரு வாரம் ஆகட்டும்.

அன்புடன்,
ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பத்திர எழுத்தர் ஒருவர்